பழைய 26 இன்ச் மவுண்டன் பைக்கில் (எம்டிபி) புது உதிரிகள்: எதுவரை போகலாம்?

வடவள்ளி_ரைடர் | கோவை

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ஒரு டிரெக் 4300 நிற்கிறது. 2008 வாக்கில் அண்ணன் வாங்கியது. அவர் வேலைக்கு வெளிநாடு போனபின் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. அலுமினியம் ஃப்ரேம், 26 இன்ச் சக்கரம், முன்னால் 3 பின்னால் 8 கியர், வி-பிரேக் (ரிம்மைக் கட்டையால் பிடிக்கிற வகை). துடைத்து, எண்ணெய் விட்டு, ட்யூப் மாற்றி ஓட்டிப் பார்த்தேன். ஃப்ரேம் எனக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்காருகிறது. மற்றதெல்லாம்தான் தகராறு. முன் ஃபோர்க் ஒருமுறை அமுங்கினால் மேலே வர யோசிக்கிறது. கியர் தன் இஷ்டத்துக்கு மாறுகிறது. பிரேக் பிடித்தால் சத்தம் முதலில் வருகிறது, நிற்பது அப்புறம்.

ஆசைப்படுவது: 1×12 கியர் (முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 12), காற்று ஸ்பிரிங் உள்ள ஏர் ஃபோர்க், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், முடிந்தால் ஓட்டும்போதே சீட்டை ஏற்றி இறக்குகிற ட்ராப்பர் சீட்போஸ்ட். பட்ஜெட் 25,000 ரூபாய். ஓட்டுவது காலையில் மருதமலை அடிவாரம் வரை, ஞாயிறன்று சிறுவாணி ரோட்டுப் பக்கம் மண்பாதை, எப்போதாவது ஆழியாறிலிருந்து வால்பாறை. எதில் தொடங்கலாம்?

பால்ரஸ் | சென்னை

தம்பி, ஆசை லிஸ்ட் அப்படியே இருக்கட்டும். முதலில் ஒரு வெர்னியர் காலிப்பரோடு சைக்கிள் பக்கத்தில் உட்காருங்கள். என்ன ஏறும், என்ன ஏறாது என்பதை ஃப்ரேமின் சில அளவுகள்தான் முடிவு செய்யும்.

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அச்சு உட்காரும் இரண்டு ட்ராப்அவுட்டுக்கும் இடையே உள்பக்கமாக அளந்தால் 135 மி.மீ. வரவேண்டும். அந்தக் காலத்து எம்டிபி-க்கு அதுதான் வழக்கம், க்விக் ரிலீஸ் அச்சு. இப்போது நல்ல சக்கரம் என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலும் பூஸ்ட்: 148 மி.மீ. அகலம், 12 மி.மீ. த்ரூ ஆக்சில். அது உங்கள் ஃப்ரேமுக்குள் நுழையவே நுழையாது.

அடுத்து ஹெட் ட்யூப், அதாவது ஃபோர்க் நுழைகிற முன்குழாய். மேலும் கீழும் ஒரே விட்டமா பாருங்கள். உங்களுடையது 1⅛ இன்ச் நேர் ஸ்டீயரர் (ஃபோர்க்கின் மேல்தண்டு) போகிற ட்யூபாகத்தான் இருக்கும். இன்றைய ஃபோர்க்குகளில் பெரும்பாலானவை அடியில் ஒன்றரை இன்ச்சுக்கு விரிகிற டேப்பர். உள்விட்டம் 34 மி.மீ. உள்ள ட்யூபில் டேப்பர் ஸ்டீயரரை நுழைக்க எந்த அடாப்டரும் உதவாது. 44 மி.மீ. இருந்தால் வேறு கதை, கீழே வெளிப்பக்கமாக நிற்கிற கப் போட்டுச் சமாளிக்கலாம்.

பாட்டம் பிராக்கெட், அதாவது மிதியின் அச்சு சுற்றுகிற இடம், நல்ல செய்தி. 68 அல்லது 73 மி.மீ. அகலத்தில் பிஎஸ்ஏ என்கிற வழக்கமான மரை போட்ட ஷெல். இன்று விற்கும் ஷிமானோ ஹாலோடெக் கிராங்க்கின் (மிதிக்கை) பேரிங் கப்பும் அதே மரையில்தான் வருகிறது. கழற்றும்போது ஒன்று ஞாபகம்: செயின் பக்கத்துக் கப் இடது மரை. கடிகாரம் சுற்றுகிற திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் நாலடி பைப்பை ஸ்பேனரில் மாட்டித் தொங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருப்பது உருளையில் செருகுகிற கேசட்டா, மரையில் ஏறுகிற ஃப்ரீவீலா? பல்சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். நடுவில் கருவி நுழைக்கிற பள்ளங்களும் கூடவே சுற்றினால் கேசட். அவை அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். ஃப்ரீவீல் என்றால் ஒன்-பை (முன்னால் ஒற்றைப் பல்சக்கரம்) பற்றி யோசிப்பதற்கு முன் பின்சக்கரமே மாறவேண்டும். 8 ஸ்பீடு கேசட் என்றால் கவலை இல்லை. கேசட் செருகுகிற அதே ஹெச்ஜி ஃப்ரீஹப்பில் (ஷிமானோ வகை உருளை) 9, 10, ஏன் எம்டிபி 11 ஸ்பீடு கேசட்கூட உட்காரும்.

அளந்து போடுங்கள், பிறகு பேசலாம்.

எக்ஸெல்_ஷீட் | பெங்களூர்

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். 25,000-ஐப் பழைய ஃப்ரேமில் போட்டால் அது திரும்பி வராது. நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவர் “26 இன்ச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார். கூடக் கொஞ்சம் சேர்த்தால் புது 29 இன்ச் ஹார்ட்டெயில் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்) வரும், டிஸ்க் பிரேக், வாரண்டி எல்லாவற்றோடும். இதை அப்படியே கடைகண்ணிக்குப் போகிற வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

செம்பவாங்_சக்கரம் | சிங்கப்பூர்

விற்பதற்காக யாரும் பழைய சைக்கிளைப் புதுப்பிப்பதில்லை நண்பரே. அவருக்கு அந்த ஃப்ரேம் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

என்னிடம் 90-களின் ஸ்டீல் ஹார்ட்டெயில் ஒன்று ஓடுகிறது. புலாவ் உபின் தீவில் கெட்டாம் மவுண்டன் பைக் பாதைக்கே அதைத்தான் கொண்டுபோகிறேன். அதில் நான் செய்த வேலைகளில் பணத்துக்கு அதிகம் கிடைத்தது டயரும் ஹேண்டில்பாரும். கியர் அல்ல.

அந்தக் கால பார் 560, 580 மி.மீ. அகலம்தான் இருக்கும், பாரைப் பிடிக்கிற ஸ்டெம் 110 மி.மீ.க்கு மேல். இறக்கத்தில் உடம்பு முன்சக்கரத்துக்கு மேலேயே தொங்கும். 720 அல்லது 740 பாரும் 70 மி.மீ. ஸ்டெமும் போட்டதும் வண்டி வேறு வண்டி. ஆனால் 35, 40 மி.மீ. ஸ்டெம் வரை போகாதீர்கள். பழைய ஃப்ரேம்களில் மேல்குழாய் குட்டை. நீளமான ஸ்டெம்மோடு சேர்த்துத்தான் அதை வரைந்தார்கள். ஸ்டெம்மை மட்டும் ஒரேயடியாகக் குறுக்கினால் உட்கார்ந்து மிதிக்கும்போது முழங்கால் பாரைத் தேடிப் போகும். அகலமான பார் கைகளை விரித்து உடம்பைக் கொஞ்சம் முன்னே இழுக்கும் என்பதால் 60, 70-ல் கணக்கு சரியாகிவிடும். பார் வாங்கும்போது கிளாம்ப் அளவைப் பாருங்கள். உங்கள் ஸ்டெம் 25.4 ஆக இருக்கலாம், இன்றைய பார் 31.8 அல்லது 35. ஆக, இரண்டும் சேர்ந்துதான் மாறும்.

டயர் 26×2.25 இன்னும் நல்ல கம்பெனிகளிடமிருந்து வருகிறது. காற்று 50 பி.எஸ்.ஐ. அடிக்கிற பழக்கத்தை விட்டுவிட்டு 28, 30-ல் ஓட்டிப் பாருங்கள். அந்த ஃபோர்க் பாதி நல்லதாகிவிட்டது போலத் தெரியும்.

மிளகுத்தோட்டம் | வால்பாறை

பாரும் டயரும் சரிதான். ஆனால் அவர் வால்பாறை என்று எழுதியிருக்கிறார், அதை யாரும் கண்டுகொள்ளவில்லையே. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. ஏறுவது கால் பாடு, இறங்குவது பிரேக் பாடு. ஜூன், ஜூலையில் வந்தால் மழையும் கூட.

வி-பிரேக் நல்ல பிரேக்தான், காய்ந்த ரோட்டில் குறையே சொல்லமாட்டேன். மழையில் சக்கரம் முதல் ஒன்றிரண்டு சுற்று சுற்றும்வரை பிரேக் கட்டை ரிம்மில் உள்ள தண்ணீரை வழிப்பதற்கே சரியாக இருக்கும். அதற்குள் வளைவு வந்துவிடும். அப்புறம் ரிம் தேய்மானம். நம் மலை ரோட்டுச் சேறும் மணலும் கட்டையில் ஒட்டிக்கொண்டு ரிம்மை அரத்தால் ராவுகிற வேலையைச் செய்யும். வடவள்ளித் தம்பி, சக்கரத்தின் பக்கச்சுவரில் நகத்தை வைத்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். நடுவில் குழி தட்டினால் அந்த ரிம்மை மலைக்குக் கொண்டுவராதீர்கள். காற்றழுத்தமே அதைப் பிளந்துவிடும்.

முடிந்தால் டிஸ்க் போடுங்கள். முதல் செலவு அதுவாக இருக்கட்டும்.

எக்ஸெல்_ஷீட் | பெங்களூர்

அதைத்தான் நானும் சொல்கிறேன். டிஸ்க் போடுவது என்றால் என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். பிரேக் காலிப்பர், லீவர், ரோட்டர் (டிஸ்க் தட்டு) மட்டும் போதாது. வி-பிரேக் சக்கரத்தின் ஹப்பில் ரோட்டர் மாட்ட இடமே இருக்காது. இரண்டு சக்கரமும் மாறவேண்டும். ஃப்ரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பர் பூட்டுகிற காதுகள் வேண்டும். அந்த வகை வண்டிகளில் கியர் மாற்றுகிற ஷிஃப்டரும் பிரேக் லீவரும் ஒரே உடம்பாக வரும், எனவே பிரேக்கை மாற்றினால் ஷிஃப்டரும் போச்சு. ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வருகிறது. பட்ஜெட் அங்கேயே காலி.

வடவள்ளி_ரைடர் | கோவை

அளந்துவிட்டேன் அண்ணா. பின்னால் 135. ஹெட் ட்யூப் நேர் 1⅛, உள்விட்டம் 34. கேசட்தான், ஃப்ரீவீல் இல்லை, அப்பாடா. கேசட் 11-32. கிராங்க் 42-32-22. அதில் பல்சக்கரங்கள் போல்ட்டில் இல்லை, ரிவெட் அடித்திருக்கிறது. சீட்போஸ்ட் 29.2 என்று காட்டுகிறது, இப்படி ஓர் அளவு உண்டா? காலிப்பர் பொய் சொல்கிறதா?

ஃபோர்க்கில் இடது காலில் டிஸ்க் காது இருக்கிறது. ஃப்ரேமிலும் பின்னால் இரண்டு ஓட்டையோடு ஒரு தகடு தெரிகிறது. ஷிஃப்டரும் லீவரும் ஒட்டித்தான் இருக்கிறது, எக்ஸெல் சார் சொன்னதேதான். ரிம்மில் நகம் வைத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தில் குழி நன்றாகத் தெரிகிறது.

பால்ரஸ் | சென்னை

29.2 உண்டு, காலிப்பர் சரி. ட்ராப்பர் அந்த அளவில் தேடி அலையாதீர்கள். 27.2 போஸ்ட் வாங்கி இடையில் ஷிம் என்கிற மெல்லிய உறை போடலாம், சுவர் ஒரு மி.மீ. கனம். கோவையில் இருந்துகொண்டு ஷிம்முக்கு ஆன்லைனில் தேடாதீர்கள். கணபதிப் பக்கம் எந்த லேத் பட்டறையிலும் அலுமினியத்தில் கடைந்து கொடுப்பார்கள். நீளம் 10 செ.மீ.க்குக் குறையாமல், பக்கவாட்டில் ஒரு கீற்று வெட்டு, மேலே ஒரு சின்ன விளிம்பு. விளிம்பு இல்லாவிட்டால் ஷிம் போஸ்ட்டோடு சேர்ந்து உள்ளே இறங்கிவிடும்.

ஆனால் ட்ராப்பர் கடைசி. அந்தக் காசை இப்போதைக்குத் தொடவேண்டாம்.

கிராங்க் ரிவெட் என்றால் அதில் ஒற்றைப் பல்சக்கரம் போட வழியில்லை, கிராங்க்கை மாற்றத்தான் வேண்டும். 104 மி.மீ. நாலு போல்ட் வட்டம் உள்ளதாக வாங்குங்கள். அந்த வட்டத்தில் 32 பல் சாதாரணமாகக் கிடைக்கும். நாரோ-வைடு பல் உள்ளதாகப் பாருங்கள். ஒரு பல் தடிமன், அடுத்தது மெலிசு என்று மாறி மாறி இருக்கும், செயினைப் பிடித்துக்கொள்ளும். 2012-ல் ஸ்ராம் கம்பெனி தன் 1×11 செட்டோடு கொண்டுவந்தபின்தான் முன்னால் ஒற்றைப் பல்சக்கரம், செயின் காவல் எதுவும் இல்லாமல், எல்லாருக்கும் சாத்தியமானது.

எக்ஸெல்_ஷீட் | பெங்களூர்

சரி, என் பெயருக்கு ஏற்ற வேலையைச் செய்துவிட்டேன். ஒரு மிதிச் சுற்றுக்குச் சக்கரம் எவ்வளவு தூரம் நகரும் என்று கணக்குப் போட்டேன். 26×2.1 டயரின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர், 29×2.25 சுமார் 2.28 மீட்டர்.

இப்போதைய வண்டி, முன் 22 பின் 32: ஒரு மிதிக்கு 1.42 மீட்டர்.
புது 29 இன்ச், 1×12, முன் 32 பின் 51: 1.43 மீட்டர்.
26 இன்ச்சிலேயே ஒன்-பை, முன் 32 பின் 46: 1.44 மீட்டர்.

நானே எதிர்பார்க்கவில்லை. ஏற்றத்துக்கு மூன்றும் ஒன்றுதான். சின்னச் சக்கரம் என்பதே ஏறத்தாழ பத்து சதவீதம் இலகுவான கியர். 51 பல் தட்டு 29 இன்ச்காரர்களின் தேவை, 26-க்கு 46 போதும். அப்படியென்றால் 12 ஸ்பீடு வேண்டும் என்ற பேச்சே அடிபட்டுப் போகிறது. ஷிமானோ 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்ளைன் என்று வேறு ஃப்ரீஹப் வேண்டும், அதாவது வேறு சக்கரம். 10 ஸ்பீடு 11-46 உங்கள் ஹப்பிலேயே ஏறும்.

இழப்பது மேல்வேகத்தில். 42-க்கு 11 போட்டு நிமிடத்துக்கு 90 மிதி மிதித்தால் மணிக்கு 42, 43 கி.மீ. 32-க்கு 11-ல் அதே மிதிக்கு 32, 33 கி.மீ.தான். ரோட்டில் நண்பர்களோடு பந்தயம் ஓட்டுகிற ஆளாக இருந்தால் ஒன்-பை வேண்டாம், 3×8-லேயே இருங்கள்.

விற்றுவிடச் சொன்னதை இப்போது வற்புறுத்தமாட்டேன்.

ஸ்காபரோ_மாமா | டொராண்டோ

நல்ல கணக்கு. நான் ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். பூஸ்ட் சக்கரம் மலிவாகக் கிடைக்குது, ஃப்ரேமைக் கொஞ்சம் விரிச்சுப் போட்டால் என்ன என்று யாராவது தம்பியிட்டைச் சொல்லுவினம். அலுமினியத்தை விரிக்க வெளிக்கிடாதேங்கோ. என்னட்டை இருக்கிற 80-களின் கடைசி ஸ்டீல் ஃப்ரேமை 130-இல் இருந்து 135-க்கு விரிச்சு வைச்சிருக்கிறன், ஸ்டீல் வளைஞ்சு நிற்கும், தாங்கும். அலுமினியம் வெடிக்கும். இன்றைக்கு வெடிக்காது, பள்ளத்தில இறங்கேக்கை வெடிக்கும்.

மற்றது, 27.5 சக்கரம் போடலாம் என்றும் கட்டாயம் ஒருத்தர் வருவார்.

நீலகிரி_டர்ன் | குன்னூர்

வந்துவிட்டேன் மாமா 😄 டிஸ்க்தான் போடப்போகிறார் என்றால் ரிம் அளவு பற்றி பிரேக்குக்கு அக்கறை இல்லையே. 27.5 போட்டால் டயர் நிறையக் கிடைக்கும், கல்லில் உருள்வதும் நன்றாக இருக்கும்.

பால்ரஸ் | சென்னை

26-ன் ரிம் விட்டம், டயர் உட்காருகிற இடத்தில், 559 மி.மீ. 27.5-க்கு 584. வித்தியாசம் 25, ஆரத்தில் பன்னிரண்டரை மி.மீ. அந்தப் பன்னிரண்டரையை ஃப்ரேமில் எங்கே கண்டுபிடிப்பீர்கள்? பின்னால் செயின்ஸ்டேக்களுக்கு நடுவிலும் ஃபோர்க்கின் வளைவுக்கு அடியிலும் விரல் விட்டுப் பாருங்கள். ஒல்லியான 1.95 டயர் போட்டால் சிலவற்றில் தப்பித்து ஓடும். ஒல்லி டயர் போடுவதற்காகப் பெரிய சக்கரமா? சேறு ஒட்டினால் சுற்றாது. பாட்டம் பிராக்கெட்டும் உயர்ந்துவிடும். நல்ல 2.25 டயரோடு 26-லேயே நில்லுங்கள்.

நீலகிரி_டர்ன் | குன்னூர்

ஒத்துக்கொள்கிறேன். அப்போ ஃபோர்க்? அதையாவது மாற்றச் சொல்லுங்கள்.

செம்பவாங்_சக்கரம் | சிங்கப்பூர்

ஃபோர்க்கில்தான் பழைய வண்டிக்காரர்கள் பணத்தை விடுவது. 26 இன்ச், நேர் ஸ்டீயரர், க்விக் ரிலீஸ், 100 மி.மீ. பயணம்: இந்த நாலும் சேர்ந்த ஏர் ஃபோர்க் கிடைக்கும், ஆனால் தேடவேண்டும். தேடிச் சலித்துப்போய்ப் பலர் 29-க்கான ஃபோர்க்கை வாங்கிவிடுகிறார்கள். அச்சிலிருந்து கிரவுன் (ஃபோர்க்கின் தோள்) வரை அளந்தால் 26-க்கான 100 மி.மீ. ஃபோர்க் சுமார் 470 மி.மீ. வரும். 29-க்கானது 500-ஐத் தாண்டும். 20 மி.மீ. உயர்ந்தால் ஹெட் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும் என்பது பொதுக்கணக்கு. முன்பக்கம் தூக்கிக்கொண்டு, ஏற்றத்தில் முன்சக்கரம் அங்குமிங்கும் அலையும். ஹெட் ட்யூப் வெல்டுக்கும் நெம்புகோல் நீளம் கூடுகிறது.

நான் சஸ்பென்ஷனையே விட்டுவிட்டு ரிஜிட் ஃபோர்க் போட்டேன். சஸ்பென்ஷன்-கரெக்டட் என்று கேட்டு வாங்கவேண்டும், அப்போதுதான் உயரம் பழையபடி நிற்கும். எடை குறைந்தது, பராமரிப்பு பூஜ்யம். 2.25 டயர் அடியை வாங்கிக்கொள்கிறது.

மிளகுத்தோட்டம் | வால்பாறை

சிங்கப்பூரில் பூஜ்யம். இங்கே எஸ்டேட் ரோட்டில் ரிஜிட் ஃபோர்க்கோடு ஒரு நாள் வாருங்கள், மணிக்கட்டு பேசும்.

பால்ரஸ் | சென்னை

இரண்டு பேரும் சண்டை போடுவதற்கு முன், இருக்கிற ஃபோர்க் நிஜமாகவே செத்துவிட்டதா என்று பார்க்கலாம். “மேலே வர யோசிக்கிறது” என்கிறார். காயில் ஸ்பிரிங் சாவது அபூர்வம். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும்.

தம்பி, சக்கரத்தையும் பிரேக்கையும் கழற்றிவிட்டு ஃபோர்க்கின் இரண்டு கால் அடியிலும் உள்ள போல்ட்டைத் தளர்த்துங்கள். போல்ட் முழுவதும் வெளியே வருவதற்கு முன் அதன் தலையில் ரப்பர் சுத்தியால் ஒரு தட்டு. கீழ்க்கால்கள் அப்படியே இறங்கி வரும். உள்ளே கறுப்பாக இருப்பதையெல்லாம் துணி சுற்றிய கம்பியால் துடைத்து எடுங்கள். குழாய் சறுக்குகிற புஷ்ஷிலும் சீலிலும் ஃபோர்க்குக்கான கிரீஸ் போடுங்கள். கடையில் கிடைக்கிற வண்டி கிரீஸ் வேண்டாம், அது கெட்டி, சில சீல் ரப்பரையும் ஊதவைக்கும். மேல்குழாயின் மெருகு உரிந்து கோடு கோடாக இருந்தால் மட்டும் ஃபோர்க்குக்கு விடை கொடுக்கலாம். இல்லையென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, செலவு டீக்காசு.

வடவள்ளி_ரைடர் | கோவை

செய்தேன் அண்ணா. கீழ்க்காலுக்குள் இருந்து வந்தது கிரீஸா கருப்பட்டியா என்று தெரியவில்லை. மேல்குழாய் மெருகு நன்றாகத்தான் இருக்கிறது, ஓர் இடத்தில் மட்டும் ஊசி முனை அளவு துரு. இப்போது அழுத்தினால் உடனே மேலே வருகிறது. இடதும் வலதும் ஆட்டினால் புஷ்ஷில் லேசான ஆட்டம் இருக்கிறது, ஓடவிட்டுப் பார்க்கிறேன்.

ஃபோர்க் செலவு இப்போதைக்கு மிச்சம். பிரேக்குக்கு என்ன செய்யலாம்?

மிளகுத்தோட்டம் | வால்பாறை

உங்கள் முன் ரிம்தான் தேய்ந்திருக்கிறது, முன்சக்கரம் எப்படியும் மாறவேண்டும். ஃபோர்க்கில் டிஸ்க் காதும் இருக்கிறது. அப்போ முன்னால் மட்டும் டிஸ்க் போடுங்களேன். டிஸ்க் ஹப் உள்ள 26 இன்ச் முன்சக்கரம் ஒன்று, 160 மி.மீ. ரோட்டர், ஷிமானோ எம்டி200 போன்ற ஆரம்ப நிலை ஹைட்ராலிக் பிரேக். பின்னால் வி-பிரேக்கே இருக்கட்டும், நல்ல கட்டையும் புதுக் கேபிளும் வெளிக்குழாயும் போதும். இறக்கத்தில் நிறுத்துவது பெரும்பாலும் முன்பிரேக்தான். பார்க்க ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கும், ஆனால் எங்கள் ஊர் இறக்கத்தில் நான் நம்புகிற ஏற்பாடு.

பின் ரிம் தேய்ந்தபிறகு பின் டிஸ்க். ஃப்ரேமில் காது இருக்கிறது, எங்கேயும் ஓடிப்போகாது.

எக்ஸெல்_ஷீட் | பெங்களூர்

அக்கா, இது அருமை. ஒன்-பை போனால் இடது ஷிஃப்டர் தேவையில்லை, வலதும் புதிதாக வருகிறது, ஆகவே ஒட்டிப்பிறந்த லீவர் இரண்டும் தானாகக் கழன்றுவிடும். முன்னால் ஹைட்ராலிக் லீவர், பின்னால் வி-பிரேக்குக்கான தனி லீவர். அந்தப் பின் லீவர் வி-பிரேக்குக்கு என்று கேட்டு வாங்கவேண்டும். கேன்டிலீவர் அல்லது ரோடு லீவர் கேபிளைக் குறைவாகத்தான் இழுக்கும், பாதி பிரேக்தான் பிடிக்கும்.

கியருக்கு என் சிபாரிசு: ஷிமானோ டியோர் 10 ஸ்பீடு ஷிஃப்டர், 11-46 கேசட், செயினைத் தட்டு மாற்றுகிற டெரெய்லர் எம்5120. அது 10, 11 இரண்டு ஸ்பீடுக்கும் ஓடும், க்ளட்ச் இருப்பதால் செயின் தொங்கி அடிக்காது. எம்4120 இன்னும் மலிவு, க்ளட்ச் கிடையாது. கூடக் கொடுத்து 5120 எடுங்கள். பழைய 8 ஸ்பீடு டெரெய்லரை வைத்துக்கொண்டு 10 ஸ்பீடு ஷிஃப்டர் மட்டும் வாங்கி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஷிமானோ எம்டிபி-யில் 9-லிருந்து 10-க்குப் போனபோது கேபிள் இழுக்கிற அளவையே மாற்றிவிட்டார்கள், ஒன்றோடு ஒன்று பேசாது.

நீலகிரி_டர்ன் | குன்னூர்

மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் 1×9-ஐ விட்டுவிட்டீர்களே. ஷிஃப்டர், டெரெய்லர், கேசட் எல்லாம் அதே ஹெச்ஜி ஹப்பில், க்ளட்ச்சும் உண்டு. 9 ஸ்பீடு செயின் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். விலையும் இறங்கும்.

எக்ஸெல்_ஷீட் | பெங்களூர்

நியாயம்தான். பட்ஜெட் இடித்தால் அட்வென்ட். 2023-ல் வந்த ஷிமானோ க்யூஸ் கியர் செட்டும் ஹெச்ஜி ஹப்பில் ஏறும். ஆனால் அதைப் பழைய 9, 10 ஸ்பீடு சாமான்களோடு கலக்க முடியாது, வாங்கினால் செட்டாகத்தான்.

ஸ்காபரோ_மாமா | டொராண்டோ

எல்லாம் வாங்குங்கோ. அதுக்கு முன்னம் ஃப்ரேமை வெயில் வெளிச்சத்தில ஒருக்கால் பாருங்கோ. ஹெட் ட்யூபுக்குக் கீழ், சீட் ட்யூபின்ரை மேல்வாய், பாட்டம் பிராக்கெட்டைச் சுத்தி, ட்ராப்அவுட் வெல்டு. பெயிண்ட்டில முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சால் மெல்லிய சீலையில ஸ்பிரிட் போட்டுத் துடையுங்கோ. அழுக்கென்றால் போகும். போகாட்டில் அந்த ஃப்ரேமுக்குச் செலவழிக்க வேண்டாம். சீட்போஸ்ட்டையும் கழட்டி எடுத்துக் கிரீஸ் பூசிப் போடுங்கோ. கனகாலம் ஒரே இடத்தில நிண்டால் அது ட்யூபோடை ஒட்டிப்போகும், பிறகு வாள் கொண்டுதான் அறுக்கோணும்.

வடவள்ளி_ரைடர் | கோவை

மாமா, பார்த்தேன். ஒரு கோடு இருந்தது, ஸ்பிரிட்டில் போய்விட்டது. சீட்போஸ்ட் கொஞ்சம் அடம் பிடித்தது, எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க வைத்துத் திருப்பினேன், வந்துவிட்டது.

கடைசியாக எடுத்தது: மைக்ரோஷிஃப்ட் 1×9 செட் 11-46 கேசட்டோடு, 32 பல் நாரோ-வைடு போட்ட ஸ்கொயர் டேப்பர் கிராங்க், முன்னால் டிஸ்க் சக்கரமும் ஹைட்ராலிக்கும், பின்னால் புதுக் கட்டை, 720 பார், 70 ஸ்டெம், 2.25 டயர் இரண்டு. 25,000-ஐக் கொஞ்சம் தாண்டியது. ட்ராப்பர் இல்லை, ஃபோர்க் பழையதே.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. ஒரு பிரச்சினை. நடுவில் மூன்று நாலு தட்டில் மட்டும் செயின் ஏறலாமா வேண்டாமா என்று கரகரக்கிறது. கேபிளை இறுக்கினால் மேலே சரி, கீழே கெடுகிறது. தளர்த்தினால் கீழே சரி, மேலே கெடுகிறது. செட் பழுதா?

பால்ரஸ் | சென்னை

செட் பழுதில்லை. டெரெய்லரைத் தாங்குகிற ஹேங்கர் வளைந்திருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் கிடந்த வண்டி, யாராவது அந்தப் பக்கமாகச் சாய்த்திருப்பார்கள். 8 ஸ்பீடு வரை ஹேங்கர் இரண்டு மி.மீ. உள்ளே போனாலும் பொறுத்துக்கொள்ளும். தட்டு எண்ணிக்கை கூடக் கூட இடைவெளி குறையும், 46 பல் அளவுக்குத் தட்டும் பெரிதானால் டெரெய்லர் பயணமும் நீளும், அப்போது வளைவு காட்டிக்கொடுத்துவிடும். கேபிளில் இதைத் தீர்க்க முடியாது.

ஹேங்கர் கேஜ் உள்ள கடைக்குக் கொண்டுபோங்கள். டெரெய்லரைக் கழற்றிவிட்டு அந்த மரையில் நீளமான கையை மாட்டி, ரிம்மின் மேல், கீழ், முன், பின் நாலு இடத்திலும் இடைவெளி ஒன்றாக வரும்வரை மெதுவாக நிமிர்த்துவார்கள். அலுமினிய ஹேங்கர் ஒன்றிரண்டு முறைதான் தாங்கும், போல்ட்டில் கழலும் வகை என்றால் புதிதாக ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நிமிர்த்தியபின் பி-ஸ்க்ரூவைச் சரிசெய்யுங்கள். பெரிய தட்டில் செயின் இருக்கும்போது மேல் ஜாக்கி சக்கரம் தட்டில் உரசாமல், அதே நேரம் ரொம்ப விலகாமல் நிற்கவேண்டும்.

வடவள்ளி_ரைடர் | கோவை

ஹேங்கரேதான் அண்ணா! கடைக்காரர் கேஜ் வைத்ததும் கீழே ரிம்மைத் தொட்டது, மேலே என் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி. பத்து நிமிட வேலை. இப்போது ஒன்பது தட்டும் ஒழுங்காகப் போகிறது. இன்று காலை மருதமலை அடிவாரம் வரை போய் வந்தேன், கேபிளைத் தொடவே இல்லை. புஷ் ஆட்டம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிற மாதிரி தெரிகிறது.

செம்பவாங்_சக்கரம் | சிங்கப்பூர்

புஷ் ஆட்டம் மெதுவாகத்தான் கூடும். முன்பிரேக்கை இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் ஆட்டும்போது டக் டக் என்று கேட்டால் முதலில் ஹெட்செட்டை (ஹெட் ட்யூபில் உள்ள பேரிங்) இறுக்கிப் பாருங்கள். பலர் அதைப் புஷ் என்று நினைத்து ஃபோர்க்கை மாற்றிவிடுவார்கள். ஹெட்செட் இல்லை என்று உறுதியானால் அப்போது 26 ஏர் ஃபோர்க் தேடலாம். எங்கள் ஊரில் பழைய சாமான் பக்கங்களில் அவ்வப்போது வரும், கண்ணில் பட்டால் சொல்கிறேன். ஸ்டீயரர் நீளம் எவ்வளவு வேண்டும் என்று அளந்து போடுங்கள்.

நீலகிரி_டர்ன் | குன்னூர்

கழற்றிய 3×8 ஷிஃப்டர், டெரெய்லர், 42-32-22 கிராங்க் என்ன செய்யப் போகிறீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளில் எல்லாம் தேய்ந்து கிடக்கிறது, அவனுக்கு அது போதும்.

வடவள்ளி_ரைடர் | கோவை

எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம். கேசட்டை அதோடு தரமாட்டேன், பல் தேய்ந்திருக்கிறது, புதுச் செயின் போட்டால் வழுக்கும். 8 ஸ்பீடு கேசட்டும் செயினும் புதிதாக வாங்கச் சொல்லுங்கள். மேட்டுப்பாளையம் பக்கம் வரும்போது சொல்லுங்கள், தனிமடலில் நம்பர் அனுப்புகிறேன். செம்பவாங் அண்ணா, ஹெட்செட்தான் டக் டக். இறுக்கியதும் நின்றுவிட்டது. ஸ்டீயரர் கிரவுனிலிருந்து 195 மி.மீ., ஸ்பேசர் சேர்த்து.